எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தவளுக்கு ஒரு பாவாடை

அன்றைக்கு நடு அறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, கல்யாணம் நிச்சயமாகியிருந்த அக்கா, பதினொரு வயதில் நான், தூளியில் தம்பி, அப்பாவின் தங்கையான அத்தை, பம்பை அடிக்க வந்தவர், சாராயக் கடைக் கணக்கர். எட்டுப் பேர். கடைசியில் உள்ளே வந்து விழுந்த மாட்டுவண்டிக்காரரோடு ஒன்பது. மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். இன்னொருத்தி வந்தாளா வரவில்லையா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. வந்திருந்தால் பத்து.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாராயக் கடையை ஏலம் விட்ட காலமும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் முதல் கம்பெனிப் புகைக்குழாய்கள் எழும்பிய காலமும் நமக்குத்தான் நினைவிருக்கும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிற ஆள் நான். இதையும் அப்படித்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கவரைப்பேட்டையிலிருந்து வடக்கே போகிற பெரிய ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். வீட்டைக் கட்டியவர் அப்பாவின் தாத்தா. அதில் முதலில் குடியேறியவை நெல் மூட்டைகள். கூரை போட்ட வருஷம் நல்ல விளைச்சல். மூட்டைகளை உள்ளே அடுக்கிவிட்டு மனிதர்கள் வெளியே பந்தலில் படுத்தார்களாம். நெல்லை விற்ற பிறகுதான் அவர்களுக்கு உள்ளே இடம் கிடைத்தது.

அவருடைய கடைசி மகள் பதினேழு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி வாழாமல் போன பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவதில்லை. பூவாடைக்காரி என்று சொல்லி, நடு அறைச் சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அங்கேயே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் முதலில் அவளுக்குப் படைக்க வேண்டும். கிணற்றிலிருந்து புதுக் குடத்தில் தண்ணீர் எடுத்து, பம்பை அடித்து அவளை அழைப்பார்கள். உறவில் ஒரு பெண்மேல் அவள் வந்து இறங்கி, 'உத்தரவு' என்று ஒரு வார்த்தை சொல்வாள். அந்த வார்த்தை வராமல் எங்கள் வீட்டில் தாலி கட்டியது கிடையாது.

அவளைப் பற்றி அம்மா சொன்னது எல்லாம் ஒரே ஒரு விஷயந்தான். மகா சுத்தக்காரியாம். அவளுடைய தம்ளரில் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாதாம். வைத்துவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, மறுநாள்தான் தொடுவாளாம்.

படையலில் அவளுக்கு வைக்கிற புதுத்துணி, படைத்து முடிந்ததும் வீட்டில் சின்னப் பெண் யாரோ அவளுக்குச் சேரும். அந்த வருஷம் சின்னப் பெண் நான்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு போகம் தொடர்ந்து போய்விட்டது. ஒன்று வெள்ளத்தில், ஒன்று வறட்சியில். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சாராயக் கடை ஏலம் எடுத்தவரின் ஆள் ஊருக்குள் வீடு தேடி வந்தார். கம்பெனி கட்டட வேலைக்கு ஆட்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீடு அவர்கள் நடந்து போகிற வழியில் இருந்தது. முன் அறையையும் நடு அறையையும் அப்பா வாடகைக்கு விட்டார். நாங்கள் பின்னால் சமையல்கட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போனோம்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அந்தச் செவுரு கீற ரூம மட்டும் வுட்டுடச் சொல்லுங்க."

கணக்கர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "முன் ரூம்ல வெயிலு அடிக்குதும்மா. சரக்கு சூடாயிடும். பேரல நடு ரூம்லதான் வெக்கணும். உங்க சாமிக்குத் தொணையா இருக்கட்டுமே, இன்னா நைனா?" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா முன்பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பூசிய சுவரை ஒட்டி மூன்று பீப்பாய்கள் வந்து உட்கார்ந்தன.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? சாராய நாற்றம் மட்டும் என்றால் பழகியிருக்கும். அது புளித்த பழத்தோலும் எரிந்த ரப்பரும் கலந்த வாடை. அதன்மேல் பீடி, வேர்வை, ஊறுகாய், முட்டை ஓடு. கிணற்றுக்குப் போகிற சந்தில் வரிசையாக நின்று மூத்திரம் போவார்கள். சுவரின் கீழ்ப்பக்கம் உப்புப் பூத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிரும். ஒரே தொட்டித் தண்ணீரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அத்தனை கிளாஸையும் முக்கி எடுப்பார்கள். மதியத்துக்குள் அந்தத் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதே தண்ணீரைச் சரக்கிலும் ஊற்றுவதை நான் கண்ணால் பார்த்தேன். வாந்தி எடுத்தால், "யக்கா, சாம்பல்!" என்று குரல் வரும். அம்மா அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவாள். அதற்குக் கூலி கிடையாது. முட்டை அவிப்பதற்கும் சுண்டல் தாளிப்பதற்கும் மட்டும் காசு.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் அம்மா உள்ளே போவாள். பீப்பாய்களுக்கு நடுவில் கையை நுழைத்து மஞ்சள் பூசுவாள். நான் விளக்குப் பிடிப்பேன். சுவரெல்லாம் வெற்றிலை எச்சில். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "பொறுத்துக்கோம்மா, பொறுத்துக்கோம்மா" என்பாள். என்னிடம் சொல்கிறாளா சுவரிடம் சொல்கிறாளா என்று தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருநாள் தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியர்க்குரு என்றுகூடத் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். நான் என் சட்டை நுனியை மோந்து பார்த்தேன், ஜடையை மோந்து பார்த்தேன், புத்தகத்தை மோந்து பார்த்தேன். மறுவாரம் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானேதான். இன்றைக்கும் யாராவது தள்ளி உட்கார்ந்தால் கையை மூக்கருகே கொண்டு போகிறேன்.

அக்காவுக்குப் பொன்னேரிப் பக்கத்தில் வரன் அமைந்தது. பத்திரிகை அடித்தாயிற்று. படையல் எங்கே போடுவது என்ற பேச்சு வந்ததும், "கொட்டகைல போட்டுக்கலாமே" என்றார் அப்பா.

"அவ கொட்டகையிலயா செத்தா?" என்றாள் அம்மா. "அந்த ரூம்ல படைக்காம என் பொண்ண அனுப்ப மாட்டேன். பத்திரிகைய அடுப்புல போடுங்க."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கணக்கரிடம் போய் நின்றார். கணக்கர் சிரித்தார். "ஒரு நாள் மூடுனா என் மொதலாளிக்கு யார் டப்பு கட்றது? சரி, கல்யாண காரியம். பகல் பன்னெண்டு மணி வரிக்கும் தரேன். பன்னெண்டு அடிச்சா தொறந்துடுவேன். சாமி வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

துணியைப் பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து சைக்கிளில் வருகிற துணிக்காரரிடம் அம்மா கடனாக எடுத்தாள். கத்தரிப்பூ நிறப் பாவாடைத் துணி, மாம்பழ மஞ்சளில் கரை, அதற்கு ரவிக்கைத் துண்டு. இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா. எனக்கு அதற்குமுன் புதுத்துணி என்று வந்ததெல்லாம் அக்காவுடையது. துணிக்காரர் விரித்துக் காட்டியபோது நான் தொட்டேன். அம்மா என் கையைத் தட்டினாள். "இது இப்ப அவளுது. அவ கட்டிப் பாத்த பெறவுதான் உனுக்கு."

அன்று விடிந்ததும் பீப்பாய்களை முன் அறைக்கு உருட்டினார்கள். அம்மாவும் அத்தையும் பதினான்கு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். நான் எண்ணினேன். சாணம், பினாயில், மஞ்சள் தண்ணீர் எல்லாம் போட்ட பிறகும் தரையிலிருந்து அந்தப் புளிப்பு வாடை மேலே வந்துகொண்டே இருந்தது. அம்மா புதுக் குடத்தை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மூத்திரச் சந்து வழியாகக் கிணற்றுக்குப் போனாள். பின்னாலேயே பம்பை. அந்தச் சந்து வழியாகத்தான் அவளை அழைத்து வந்தோம். எனக்கு அப்போதே பயம். இவ்வளவு சுத்தக்காரி இந்த வழியில் வருவாளா?

குடத்தைச் சுவரடியில் வைத்தார்கள். வேப்பிலை, கதம்பம், மாவிளக்கு, வடை, பாயசம். எல்லாவற்றுக்கும் மேலே தாம்பாளத்தில் கத்தரிப்பூ பாவாடை.

அவள் எப்போதும் அத்தைமேல்தான் வருவாள். பம்பைக்காரர் எங்கள் வம்சத்தைப் பாடி அழைத்தார். அத்தை குடத்துக்கு எதிரே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று.

"கைய எடு தங்கச்சி. மூக்க மூடிக்கினா எப்படி வருவா?" என்றார் அப்பா.

"கொமட்டுது அண்ணா. எனுக்கே கொமட்டுது, அவளுக்குக் கொமட்டாதா?"

பம்பைக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னொரு முறை முதலிலிருந்து பாடினார். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரவு வராவிட்டால் கல்யாணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கணக்கர் வாசற்படியில் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னாய்யா, சாமி பஸ்ஸ வுட்டுச்சா?"

"டிக்கெட் எடுக்க சில்லறை இல்லியோ இன்னாவோ!"

"பேஜாரு பண்ணாத கணக்கு, நெஞ்சு காயுது. தொறய்யா."

பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும். வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர் ஆட ஆரம்பித்தார். செங்கல் சூளைக்கு வண்டி ஓட்டுகிறவர், தினமும் வருகிறவர். கடை மூடியிருந்தால் என்ன, வண்டியில் வைக்கோலுக்கு அடியில் எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பார். பம்பை அடிக்கு ஏற்ப ஒரு கால், அடிக்குச் சேராமல் ஒரு கால் என்று ஆடிக்கொண்டே வந்து, வாசற்படி தடுக்கி, நடு அறையில் குடத்துக்கு முன்னால் குப்புற விழுந்தார். கண் மேலே செருகியிருந்தது.

பம்பைக்காரர் ஓங்கி அடித்தார். அப்பா கற்பூரத்தை ஏற்றிவிட்டார். "வந்துட்டா! வந்துட்டாடீ!"

"அவன் குடிச்சிக்கீறான்" என்றாள் அம்மா.

"வாய மூடு. யார்மேல வர்றதுன்னு நீயா சொல்றது?" அப்பா அவர் முன்னால் குனிந்தார். "வந்தது யாரு தாயே?"

"நாந்தான்."

"நான்னா யாரு? பேர் சொல்லு தாயே."

"நாந்தாண்டா! என்னியே தெரில்லியா உனுக்கு?"

பம்பைக்காரர் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். பூவாடைக்காரி வந்தாலும் இப்படித்தான் பேசுவாள் என்பதுதான் கொடுமை.

"இன்னா வோணும் தாயே?"

"ஒரு கிளாஸு."

தூளியில் தம்பி சிணுங்கினான்.

"பொண்ணு கல்யாணத்துக்கு உத்தரவு குடுப்பியா தாயே?"

"குடுத்துட்டேன், குடுத்துட்டேன். எல்லாத்துக்கும் குடுத்துட்டேன். கிளாஸு எங்க?"

கணக்கர் இதைவிட வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. அவரே முன் அறையிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். மாட்டுவண்டிக்காரர் குடித்தார். வந்த தெய்வத்துக்குத் துணி சாத்த வேண்டும் என்று பம்பைக்காரர் சொல்ல, அப்பா தாம்பாளத்திலிருந்து கத்தரிப்பூ பாவாடையை எடுத்து அவர் தோளில் போட்டார். அவர் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிரித்தார். பிறகு அதிலேயே வாந்தி எடுத்தார். முதல் நாள் அம்மா தாளித்த சுண்டல், கறிவேப்பிலையோடு, அப்படியே இருந்தது.

யாரும் "சாம்பல்" என்று கூப்பிடவில்லை. அம்மா அசையவில்லை.

வெளியே ஒருவன் கத்தினான்: "ஆத்தாளே கேட்டுட்டாடா! தொறடா கடைய!" பீப்பாய்கள் மறுபடி நடு அறைக்கு உருண்டு வந்தன. கணக்கர் ஒரு கை சாராயத்தை எடுத்துச் சுவரில் தெளித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் கரைந்து வழிந்தது.

அப்பாவுக்கு அது குடி என்று தெரியும். இப்போது எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் முட்டாள் கிடையாது. பத்திரிகை ஊரெல்லாம் போயிருந்தது, முன்பணம் செலவாகியிருந்தது, மணி பன்னிரண்டாகியிருந்தது. ஒரு வார்த்தை வேண்டும். எந்த வாயிலிருந்து வந்தாலும் சரி என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அருவருப்பு அந்த வாந்தியில் இல்லை. கற்பூரத்தட்டைப் பிடித்த அப்பாவின் கை கொஞ்சங்கூட நடுங்கவில்லை, அதில்தான்.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

பாவாடையை அம்மா குச்சியால் தூக்கிக் குப்பைக் குழியில் போட்டுவிட்டாள். மறுநாள் காலை நான் அதை எடுத்தேன். ஏரிக்குக் கொண்டுபோய் சீயக்காய் போட்டுத் துவைத்தேன், சோடா உப்புப் போட்டுத் துவைத்தேன், மணலில் தேய்த்தேன். மூன்று முறை. கரையின் மஞ்சள் கொஞ்சம் வெளுத்ததே தவிர, கத்தரிப்பூ நிறம் அப்படியே இருந்தது. என்ன அழகு! பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சி, கையாலேயே தைத்து வாங்கினேன். அக்காவின் கல்யாணத்தன்று அதைக் கட்டிக்கொண்டு பந்தலில் சுற்றி வந்தேன்.

அம்மா என்னைப் பந்திக்குப் பக்கத்தில் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பாவாடை நுனியை மோந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவளுக்குப் போய்ச் சேராதத நீ எடுத்துக் கட்டிக்கினியே."

"தொவச்சிட்டேம்மா."

"தொவச்சா ஆச்சா? துணிக்காரனுக்கு நான் குடுத்துக்குவேன். அவளுக்குக் குடுக்க வேண்டியது இனிமே உன்னுது."

முட்டைக் காசில் துணிக்காரரின் கடனை அம்மா மூன்று தவணையில் அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் படையலே போடவில்லை. 'அவதான் கேட்டத வாங்கிக்கினாளே' என்றுவிட்டார் அப்பா. என் கல்யாணத்துக்கும் சுவரில் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள், அவ்வளவுதான். அக்கா நன்றாக இருக்கிறாள். இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவளுக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. அவளால் சிரிக்க முடியும்.

வீட்டில் ஆட்கள் மாறினார்கள். சாராயக் கடையை அரசாங்கம் மூடியதும், கம்பெனி ஒப்பந்த ஆட்கள் பன்னிரண்டு பேர் நடு அறையில் தங்கினார்கள். சுவரில் ஆணி அடித்து ஈரப் பனியனைக் காயப் போட்டார்கள். அவர்களுக்குப் பின் பிராந்திக் கடை வந்தது. அன்று தெளித்ததைப் பழைய கணக்கர் தினசரி வழக்கமாக்கியிருந்தார்; அதை யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், அந்தக் கடைக்காரரும் காலையில் முதல் மூடியைச் சுவரில் ஊற்றினார். பிறகு அதுவே பார் ஆயிற்று. பீர்ப் பெட்டிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏர் கூலர். யார் கடை வைத்தாலும் சுவருக்கு ஊற்றுவதை மட்டும் விடவில்லை. எங்கள் குடும்பம் மறந்த வழக்கத்தை அவர்கள் ஒருநாள் தவறாமல் செய்தார்கள். எதை மறக்க வேண்டுமோ அதை.

போன மாதம் தம்பி போன் செய்தான். வீட்டை ஒரு குடோன்காரர் வாங்குகிறார், இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போடப் போகிறார், என் பங்குக்குக் கையெழுத்து வேண்டும் என்றான். போகிற வழியில் பொன்னேரியில் இறங்கிக் கத்தரிப்பூ நிறத்தில் பாவாடைத் துணி எடுத்தேன். நான்கு கடை ஏறி இறங்கினேன். மாம்பழ மஞ்சள் கரை கிடைக்கவில்லை. எலுமிச்சை மஞ்சள்தான் கிடைத்தது. அது பரவாயில்லையா என்று பஸ் முழுக்கக் கவலை.

நான் போனபோது பகல் பன்னிரண்டு. அப்போதுதான் பாரைத் திறந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். நடு அறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டி, நடுவில் ஒரு சதுரம் மட்டும் விட்டு, அதைச் சுற்றி சீரியல் பல்பு மாட்டியிருந்தார்கள். அந்தச் சதுரம் கறுத்துப் பிசுபிசுத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. பார்க்காரப் பையன் ஒரு பீர்ப் பாட்டிலைப் பல்லால் திறந்து, அதன்மேல் ஊற்றினான். நுரை வழிந்து என் செருப்புவரை வந்தது.

"எங்க பார் ஆத்தா, பெரியம்மா. ஜில்லுனு இல்லாங்காட்டி கோச்சிக்கும்" என்று சிரித்தான்.

"இவ யாருன்னு தெரியுமாப்பா?"

"தெரியாம இன்னா? குடிச்சே செத்த பொம்பளயாம். இந்த ஊடே அவுங்குளுதுதானாம்."

அவளுடைய தம்ளரில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிர் மேசையில் நான்கு பேர் ஒரே தம்ளரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். துணியை வைக்க உலர்ந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். தரை ஈரம், மேசை ஈரம், சுவர் ஈரம். ஒரு சாண் இடம் இல்லை. மறுபடியும் இதில் வைத்தால் மறுபடியும் அதே கதைதான்.

வாசலில் தம்பி பத்திரத்தோடு நின்றான். கையெழுத்துப் போட்டேன். "கையெழுத்தச் சரியா பாத்துக்கோக்கா, நீதான் மூணு தபா பாப்பியே" என்று கிண்டல் செய்தான். அன்றைக்கு அவன் தூளியில் கிடந்த குழந்தை. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

துணி என் அலமாரியில் இருக்கிறது. கடைக்காரர் போட்ட விலைச்சீட்டில் அறுநூற்று நாற்பது ரூபாய். அது என் கணக்கு. சுவர் அடுத்த மாதம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எங்கே இருப்பாள், எந்த முகவரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்க அம்மாவும் இல்லை. அம்மா சொல்லிவிட்டுப் போன கணக்கு மட்டும் மாறாமல் என் பேரில் நிற்கிறது: இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா.